பேட்டரிக்கு வயதானால் யார் பொறுப்பு?

ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டுத் தாயார் சந்நிதிக்கும் போய்த் திரும்புவதென்றால் முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது சிறு நடையல்ல. அவர்களை ஏற்றிக்கொண்டு பிராகாரத்தில் பேட்டரி கார் ஓடுகிறது. திருச்சி ஜங்ஷன் நடைமேடையில் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் பெட்டியைத் தேடிப் போவதும் பேட்டரி காரில்தான். விடிந்ததும் தெருத்தெருவாக வரும் மாநகராட்சிக் குப்பை வண்டிகளிலும் பேட்டரியில் ஓடுபவை உண்டு.

மின்சார கார் என்றதும் விளம்பரத்தில் வருவது 20 லட்சம் ரூபாய் கார். நம் ஊருக்கு மின்வாகனம் வந்து சேர்ந்த வரிசை வேறு. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மூட்டை சுமந்த ரயில் பயணிகள், தூய்மைப் பணியாளர்கள் என்று அது அடித்தட்டிலிருந்து வந்திருக்கிறது. பச்சை நம்பர் பிளேட் போட்ட கார்கள் தில்லைநகரிலும் கண்டோன்மென்டிலும் கண்ணில் படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால், இதற்கு முன் வந்து வந்து திரும்பிப் போன மின்சார கார் இந்த முறையும் நம் ஊரில் கால் ஊன்றாது.

ஆம், இது முதல் வரவல்ல. 1899ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்ஸி என்பவர் மின்சார காரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரத்தில் ஓடியது. ஃபோர்டு நிறுவனம் 1908இல் மலிவான மாடல்-டி காரைக் கொண்டுவந்தது. 1912இல் காடிலாக் கார்களில் தானியங்கி ஸ்டார்ட்டர் வந்து, முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும் துன்பத்தை ஒழித்தது. டெக்சாஸில் எண்ணெய் பெருகிப் பெட்ரோல் மலிந்தது. மின்சார காரின் முதல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

மின்சாரத்தில் ஓடிய எல்லாமே தோற்றுவிடவில்லை. சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்தான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். கம்பெனி நொடித்துப்போய் 1953இல் நிற்கும்வரை அது 58 ஆண்டுகள் ஓடியது. 1931இல் தொடங்கிய கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது. மின்சாரத்தைப் போகும் வழியிலேயே வாங்கிக்கொண்டு ஓடிய வண்டிகளுக்கு ஆயுள் கெட்டி. மின்சாரத்தைக் கூடவே தூக்கிச் சுமக்க வேண்டியிருந்த வண்டிகள்தான் மூச்சு வாங்கின. நூறாண்டுத் தோல்வியின் முக்கால் பங்கு அந்தச் சுமையில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 12,000 வாட்-மணி. ஒரு கிலோ ஈய-அமில பேட்டரியில் 30 முதல் 40 வாட்-மணி. பெட்ரோல் இன்ஜின் தான் குடிப்பதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைத் தந்துவிடும் என்பதெல்லாம் உண்மை. அப்படியும் இடைவெளி பெரிது. ஒரு சின்ன கார் 80, 90 கி.மீ. போகத் தேவையான 10 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க ஈய பேட்டரி சுமார் 300 கிலோ வேண்டும். நான்கு ஆட்கள் காரில் ஏறும் முன்பே நான்கு ஆட்களின் எடை ஏறி உட்கார்ந்துவிடுகிறது. முழுக்கச் சார்ஜ் செய்து, முழுக்கச் செலவழித்து, மறுபடி சார்ஜ் செய்வது என்ற சுற்றை ஈய பேட்டரி சில நூறு தடவைதான் தாங்கும். வெயில் வேறு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர்களின் பொது விதி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சிக்கு அந்த பேட்டரி ஏற்றதே அல்ல.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே முயன்றவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். நமக்கு பாரத மிகுமின் நிறுவனமான பெல் என்றால் திருவெறும்பூர், கொதிகலன், ஷிஃப்ட் சங்கு. அதே பெல் நிறுவனம் 1980களில் 'எலெக்ட்ராவேன்' என்ற மின்சார வேனை உருவாக்கியது. சுமார் 200 வேன்கள் டெல்லியில் ஓடின. 1993இல் சாலக்குடியிலும் கோவையிலும் தொழிற்கூடம் வைத்திருந்த எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் அமரும் காரைக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் மின்சார கார் அது. ஒரு சார்ஜுக்கு 60 கி.மீ. ஓடும். செங்குத்தான மேட்டில் திணறும். சில கார்களே விற்றன. 1996இல் லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா 'விக்ரம் சஃபா' என்ற மின்சார மூன்று சக்கர வண்டியைச் செய்தது. சுமார் 400 விற்றன. 1999இல் மகிந்திரா 'பிஜ்லி' ஆட்டோவைக் கொண்டுவந்து சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது.

2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா இவற்றில் அதிக தூரம் போனது. சேத்தன் மைனியின் உழைப்பு அது. ஈய பேட்டரி, 80 கி.மீ. ஓட்டம், சின்னஞ்சிறு உடம்பு. உள்ளூரில் வாங்க ஆளில்லாமல் தவித்த அந்த கார் லண்டனில் பேர் வாங்கியது. அங்கே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் உண்டு, மின்சார கார்களுக்கு விலக்கு தந்தார்கள். எல்லா நாடுகளிலும் சேர்த்துச் சில ஆயிரம் கார்களே விற்ற நிலையில் 2010இல் மகிந்திரா அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. ஓடும் தூரம் முக்கியமில்லை, ஓட இடம் கொடுக்கும் விதி முக்கியம் என்பதற்கு லண்டன் ஒரு சான்று. பெங்களூரில் பிறந்த காருக்கு நெரிசல் மிகுந்த பெங்களூரில் அப்படி ஒரு விதி கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

விதி செய்வதைவிட விதியை மாற்றுவதில் நம் அரசுகள் வேகம் காட்டின. 2010 நவம்பரில் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை மின்வாகனங்களுக்கு மானியம் அறிவித்தது. 2012 மார்ச்சோடு அது நின்றது. தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2011-12இல் நாட்டில் சுமார் 1 லட்சம் மின்சார இருசக்கர வாகனங்கள் விற்றன. அடுத்த ஆண்டு 42,000. 2014-15இல் 16,000. கடன் வாங்கி டீலர் எடுத்தவர்கள் கடையை மூடினார்கள். வண்டி வாங்கியவர்கள் பேட்டரி மாற்றக் கம்பெனியைத் தேடினால் கம்பெனியே இல்லை. அந்தக் காலத்தில் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய குடும்பங்களில் அந்த வண்டி எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நின்று, எடைக்குப் போயிருக்கும். ஒரு தலைமுறையின் நம்பிக்கை அங்கே போயிற்று.

2015இல் 'ஃபேம்' என்ற மின்வாகன மானியத் திட்டம், 2019இல் 10,000 கோடி ரூபாயில் அதன் இரண்டாம் கட்டம், 2023 ஜூனில் மானியக் குறைப்பு, 2024 அக்டோபரில் 'பி.எம். இ-டிரைவ்' என்று அதன் பிறகும் ஏற்ற இறக்கம் ஓயவில்லை. 2022ஆம் ஆண்டு கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வரிசையாக வந்தன. வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகை சூழ்ந்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. வாகனத்தை விற்க அவசரப்பட்ட அளவுக்குச் சோதிக்க அவசரப்படவில்லை. அந்த இரண்டு உயிர்களுக்கு இதற்கு மேல் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

இனி நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் காரைக்குடி. அங்கே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அமைந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம் வாயில் சிக்ரி. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி என்பதே மின்வேதியியல்தான். அதற்கென்று தனி ஆய்வகம் வேண்டும் என்று சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே செட்டிநாட்டு வறண்ட மண்ணில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. லித்தியம்-அயனி பேட்டரியை உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி, 1991இல். அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஆய்வகம் இருந்தது.

சிக்ரியில் லித்தியம் ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. பல்லாண்டு உழைத்து உள்நாட்டிலேயே லித்தியம்-அயனி செல் செய்யும் நுட்பத்தை அங்குள்ள விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். 2018 ஜூனில் ராசி சோலார் பவர் என்ற நிறுவனத்துக்கு அந்த நுட்பத்தைத் தர ஒப்பந்தம் ஆனது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வரும் என்றார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் மின்வாகனங்களின் செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலில் வந்திறங்குபவை. உலகின் செல் உற்பத்தியில் முக்கால்வாசிக்கு மேல் சீனாவின் கையில். 1995இல் செல்போன் பேட்டரி செய்யத் தொடங்கி, 2003இல் கார் தொழிலுக்கு வந்த பி.ஒய்.டி. இன்று உலகின் மின்சார கார் தயாரிப்பாளர்களில் முன்னணியில் நிற்கிறது.

இரும்பு-பாஸ்பேட் கலந்த லித்தியம் பேட்டரியைச் சீனா கண்டுபிடிக்கவில்லை. 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு கண்டது. 2019இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சீனா செய்தது வேறு. இருபது ஆண்டுகள் விடாமல் ஆலை கட்டியது, நட்டத்தில் ஓட்டியது, பேருந்துகளுக்கும் டாக்சிகளுக்கும் முதலில் வாங்கியது, விலை இறங்கும்வரை கைவிடவில்லை. ஆய்வகத்தில் செல் செய்வதும் ஆலையில் நாளொன்றுக்கு லட்சம் செல் பிழையில்லாமல் செய்வதும் இரண்டு வேறு கலைகள். இரண்டாவதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். நம் காரைக்குடிக்குக் கிடைத்தது அழகப்பரின் கொடை. அதற்கு அடுத்த பெருங்கொடையை எந்த அரசும் எந்த முதலாளியும் தரவில்லை. உள்நாட்டு செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை மத்திய அரசு அறிவித்தது 2021இல்தான். 50 ஜிகாவாட்-மணி அளவுக்கு ஆலைகள் எழ வேண்டும் என்பது இலக்கு. அது இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

இந்தச் சார்பு எவ்வளவு ஆபத்து என்பது 2025 ஏப்ரலில் தெரிந்தது. அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் நம் மின்வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சிறு காந்தத் துண்டு ஓசூரையும் புனேயையும் காக்க வைத்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த முறை நம்பிக்கை வைக்கலாம் என்று எப்படிச் சொல்கிறேன்? சுமை குறைந்துவிட்டது என்பதால் சொல்கிறேன். 300 கிலோ ஈயம் சுமந்த மின்சாரத்தை இன்று சுமார் 80 கிலோ இரும்பு-பாஸ்பேட் பேட்டரி சுமக்கிறது. சில நூறு சுற்றுகளுக்குப் பதில் இரண்டாயிரத்துக்கு மேல் தாங்குகிறது. வெயிலையும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. 2010இல் ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் உலக சராசரி 115 டாலர். அந்த ஆண்டில் உலகில் 1 கோடியே 70 லட்சம் மின்சார கார்கள் விற்றன. புதிதாக விற்ற ஐந்து கார்களில் ஒன்று அது. நார்வேயில் பத்துக்கு ஒன்பது. பணக்கார நாடு, போகட்டும் என்று விட வேண்டாம். பக்கத்து நேபாளத்திலும் இப்போது இறக்குமதியாகும் புதுக் கார்களில் பெரும்பாலானவை மின்சார கார்கள்தான். மலைநாடு அது.

தமிழ்நாடும் பின்தங்கி நிற்கவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013இல் தொடங்கிய ஏத்தர் இன்று ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிறது. அதே ஓசூரில் டி.வி.எஸ்., போச்சம்பள்ளியில் ஓலா, ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயின் மின்சார கிரெட்டா. மானியம் வற்றிய ஆண்டுகளையும் தாண்டிப் பிழைத்தது 2008இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாட்டில் விற்கும் மின்வாகனங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு இங்கே தயாராகிறது என்று மாநில அரசு சொல்கிறது.

செய்வதில் முன்னால் நிற்கும் மாநிலம், ஓட்டுவதிலும் முன்னால் நிற்க வேண்டாமா? அங்கேதான் திருச்சி போன்ற நடுத்தர நகரங்களின் வேலை வருகிறது.

வீட்டுக்கு வீடு மின்சார கார் வந்துவிட்டால் நகரம் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. சின்னக்கடைத் தெருவிலும் என்.எஸ்.பி. சாலையிலும் கார் நுழைந்தால் அது பெட்ரோல் காரா மின்சார காரா என்பது பின்னால் நிற்பவருக்கு ஒரு பொருட்டே அல்ல. நம் ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிகள் தேர் ஓடுவதற்கும் மனிதர்கள் நடப்பதற்கும் போட்டவை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அவர்கள் தலைக்கு ஒரு மின்சார காரில் வந்தால் ஊர் என்னாகும்? ஆகவே என் கவலை டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, குப்பை வண்டி, சரக்கு ஆட்டோ இவற்றைப் பற்றியது. தினமும் தெரிந்த பாதையில், தெரிந்த தூரம் ஓடி, தெரிந்த இடத்துக்குத் திரும்பும் வண்டிகள் இவை. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்துக்கே இங்கே வேலையில்லை.

மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை அஞ்சலகம், சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில் என்று நின்று நின்று வரும். டீசல் இன்ஜின் நிற்கும்போதும் குடிக்கும், கிளம்பும்போது புகையைக் கக்கும். மின்சார பஸ் நிற்கும்போது அதன் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. பிரேக் போடும்போது அந்த மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தைக் கொஞ்சம் மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நின்று நின்று போகும் பாதை டீசலுக்கு எதிரி, மின்சாரத்துக்கு நண்பன். ஒரு லிட்டர் டீசலில் டவுன் பஸ் ஐந்து கி.மீ. போனால் பெரிது. அதே தூரத்துக்கு மின்சார பஸ்ஸுக்கு ஆறேழு யூனிட் போதும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 கி.மீ. ஓடக்கூடியவை. ஒரு டவுன் பஸ்ஸின் ஒரு நாள் ஓட்டம் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும்.

சென்னை பஸ்களின் ஏற்பாட்டில் கவனிக்க ஒன்று உண்டு. பஸ் தனியார் நிறுவனத்தின் சொத்து. ஓடும் கி.மீ.க்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கிறது. பழுது பார்ப்பதும் வயதான பேட்டரியை மாற்றுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஓட்டுநர் நிறுவனத்தின் ஆள், நடத்துநர் அரசின் ஆள். தொழிற்சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர் வேலை என்பது எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியது. அதை ஒப்பந்த வேலையாக்குவதில் எனக்கும் சம்மதமில்லை. ஓட்டுநரை அரசே நியமித்துக்கொண்டு, பேட்டரியின் ஆயுள் பொறுப்பை மட்டும் தயாரிப்பாளர் மேல் வைக்கும் ஒப்பந்தத்தை எழுத முடியாதா? முடியும். எழுதுகிறவர்களுக்கு மனம் வேண்டும். பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையம் 2025 ஜூலை முதல் இயங்குகிறது. பக்கத்திலேயே மாநகராட்சியின் சூரிய மின்நிலையமும் உண்டு. சார்ஜ் போட இதைவிடத் தோதான இடம் நம் ஊரில் வேறு எது?

குப்பை வண்டிக்கு வருகிறேன். தமிழகத்தின் பல ஊர்களில் நடப்பது இது. திட்ட நிதியில் மொத்தமாக பேட்டரி வண்டி வாங்குவார்கள். கொடியசைப்பு நடக்கும். மூன்றாவது ஆண்டில் பேட்டரி தளரும். புது பேட்டரிக்கு நிதி ஒதுக்கியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் திட்டத்தில் வாங்கத்தான் தலைப்பு உண்டு, மாற்றத் தலைப்பு இல்லை. வண்டி ஷெட்டின் பின்புறம் ஒதுங்கும். தூய்மைப் பணியாளர் பழையபடி தள்ளுவண்டியைத் தள்ளுவார். பாரத்தோடு பாதி வழியில் நின்றுவிட்ட பேட்டரி வண்டியை இரண்டு பெண்கள் மேட்டில் தள்ளிக்கொண்டு போனதை ஓர் ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தோளையும் முதுகையும் காப்பாற்ற வந்த வண்டி அது. லவ்பேர்டுக்கும் விக்ரம் சஃபாவுக்கும் நேர்ந்ததன் மறுபதிப்புத்தான் இது. வண்டி செய்யத் தெரிந்த நாட்டில், வாங்கிய வண்டியைப் பத்தாண்டு ஓட வைக்கும் பொறுப்பு யாருக்கும் எழுதப்படவில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு காத்மாண்டு ஓர் எடுத்துக்காட்டு. 1990களின் நடுவில் அங்கே டீசல் டெம்போக்களின் புகை தாங்க முடியாமல் 'சஃபா டெம்போ' என்ற மின்சார மூன்று சக்கர வண்டிகள் வந்தன. அதே ஈய பேட்டரி, அதே பலவீனம். ஆனால் ஊரைச் சுற்றி சார்ஜ் நிலையங்கள் அமைத்து, மதியம் வந்து நிற்கும் வண்டியில் தீர்ந்த பேட்டரியை இறக்கி நிறைந்த பேட்டரியை ஏற்றி அனுப்பினார்கள். பெண்கள் ஏராளமாக ஓட்ட வந்தார்கள். 1999இல் டீசல் டெம்போக்களுக்கு அரசு தடை போட்டது. அறுநூறுக்கு மேற்பட்ட சஃபா டெம்போக்கள் ஓடின. பிறகு மினி பஸ் இறக்குமதிக்கு வரிச் சலுகை தந்து அந்த வளர்ச்சியை அதே அரசு தடுத்தது வேறு கதை. ஆனாலும் டெம்போக்கள் கால் நூற்றாண்டு தாண்டி நின்றன. பாலக்கரை, சத்திரம், உறையூர் என்று ஓடும் நம் ஷேர் ஆட்டோக்களின் பாதையும் ஓட்டமும் ஏறக்குறைய அதே மாதிரிதான். மின்சாரத்தில் ஓடும் ஆட்டோவுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே விலக்கு அளித்துவிட்டது. தடை இப்போது கடனில் இருக்கிறது. பழைய மின்சார ஆட்டோவுக்கு மறுவிற்பனை விலை தெரியாததால் வங்கி தயங்குகிறது, வட்டிக்கடை இழுத்துப் பிடிக்கிறது. நாலைந்து வருடத்தில் பேட்டரிக்கென்று பெருந்தொகை ஒரே அடியாகக் கேட்கும் வண்டியை, தினக் கலெக்ஷனில் வாழும் ஓட்டுநர் எந்தத் துணிச்சலில் வாங்குவார்? வண்டியை அவர் வாங்கட்டும், பேட்டரியை மாத வாடகைக்குக் கூட்டுறவுச் சங்கம் தரட்டும்.

நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரத்தில்தானே இதெல்லாம் ஓடப்போகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கொதிகலன் செய்யும் ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நாட்டின் மின்சாரத்தில் முக்கால்வாசி இன்னும் நிலக்கரியில் வருகிறது. அதில் ஓடினாலும் மின்வாகனத்தின் மொத்தக் கரிமப் புகை பெட்ரோல் வண்டியைவிடக் குறைவுதான், பெருமைப்படும் அளவுக்கு அல்ல. தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது, மாலையில் பற்றாக்குறை வருகிறது. மதிய ஓய்வில் நிற்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பகல் மின்சாரத்தை மலிவாகக் கொடுத்தால் இரண்டு சிக்கலும் ஒன்றையொன்று தணிக்கும். சத்திரத்தில் டீசல் புகைக்கு நடுவே நாள் முழுக்கப் பூ விற்கும் பெண்ணின் நுரையீரலுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் ஆதாயம்தான்.

அனல் மின் திட்டங்களுக்கான ஆர்டர்கள் வற்றிய ஆண்டுகளில் பெல்லை நம்பியிருந்த திருவெறும்பூர், துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பட்ட பாட்டை ஊர் மறக்கவில்லை. நல்ல வெல்டர்கள் வெளிநாடு போனார்கள். பேட்டரிப் பெட்டி, சார்ஜர் கூடு, பஸ்ஸின் உடற்சட்டம் எல்லாமே தகடு வெட்டி, வளைத்து, பற்ற வைக்கும் வேலைதான். அதற்கு இந்தியாவிலேயே கைதேர்ந்த ஊர்களில் ஒன்று நம்முடையது. தூத்துக்குடிக்கும் ஓசூருக்கும் ஆலை தேடித் தந்த அரசு, இந்தப் பட்டறைகளை அந்த ஆலைகளோடு இணைத்துவிட வேண்டும். ஐ.டி.ஐ.களில் மின்வாகனப் பயிற்சி தொடங்கியிருக்கிறது. அதை முடித்து வரும் பிள்ளைகளுக்குப் பட்டறையில் வேலை இருக்க வேண்டும். பழைய ஈய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் எடை போட்டுக் காசைக் கழித்துக்கொள்வார்கள். செத்த லித்தியம் பேட்டரியை எங்கே கொடுப்பது என்று இன்றைக்குத் தெருவில் யாருக்கும் தெரியாது. திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை தயாரிப்பாளருடையது என்று 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. அதைக் கடை வரைக்கும் கொண்டுவர ஓர் அதிகாரி போதும்.

திருச்சி மாநகராட்சி அடுத்து எந்த பேட்டரி வண்டி வாங்கினாலும் டெண்டரில் மூன்று வரி சேர்க்கட்டும். எட்டு ஆண்டுகளுக்கு பேட்டரி தயாரிப்பாளரின் பொறுப்பு. வண்டி நின்ற ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். எந்த வார்டில் எத்தனை வண்டி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்ற கணக்கு மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் உறுப்பினர்களே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.